கூப்பிட்டால் திரும்பணும்

எங்கள் காது கேளாதோர் வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள். "திருச்சி ஆஸ்பத்திரிக்கு அத்தனை தடவை அலைந்தாயே, கடைசியில் காதுக்குள் மெஷின் வைத்தாயா இல்லையா?" வைக்கவில்லை என்றால் உடனே "ஏன்?" ஒவ்வொருவருக்கும் வீடியோவில் சைகை செய்து சொல்லி எனக்குத் தோள்பட்டையே கழன்றுவிட்டது. ஒரே தடவை உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். இனிமேல் கேட்பவருக்கு இதை அனுப்பிவிட்டு என் சோலியைப் பார்ப்பேன்.

என் பெயர் சகாயராணி. வயது முப்பத்தைந்து. பிறந்ததிலிருந்தே இரண்டு காதும் கேட்காது. புதுக்கோட்டையில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டைப் செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் விரல் வழியாகத்தான் வெளியே போகும். காதுகுத்துப் பத்திரிகை அடிக்க என்னைவிடப் பொருத்தமான ஆள் ஊரிலேயே இல்லை என்று என் புருஷன் தாமஸ் கேலி செய்வார். அவருக்கும் காது கேட்காது. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார்.

இதில் வரும் பேச்சு எதையும் நான் காதால் கேட்கவில்லை. பாதி உதட்டில் படித்தது, மீதி போனில் எழுதிக் காட்டியது. சிலது பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. ஆனால் ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

எங்களோடு இருக்கும் மூன்றாவது ஆள் என் அப்பா. இருபத்தைந்து வருஷம் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார், பெட்டி நிறையச் சாமான் கொண்டுவருவார், போய்விடுவார். எனக்கும் அவருக்கும் நடுவில் அம்மாதான் இருந்தாள். அம்மாவுக்கும் எனக்கும் ஒரு கைப்பேச்சு உண்டு; பள்ளிக்கூடத்தில் கற்றதல்ல, நாங்களே அடுப்படியில் உண்டாக்கியது. அப்பா ஒன்று சொன்னால் அம்மா கையால் சொல்வாள், நான் கையால் சொன்னால் அம்மா வாயால் சொல்வாள். இரண்டு வருஷத்துக்கு முன் அம்மா போனாள். அப்பா வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். அதற்கப்புறம் நானும் அவரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் போல இருந்தோம்.

அவர் உதட்டைப் படிக்கலாமே என்பீர்கள். அந்த மீசையை நீங்கள் பார்த்ததில்லை. மேலுதட்டை மூடி, கீழுதட்டில் பாதியையும் மூடி, இரண்டு பக்கமும் வழிந்து நிற்கும். அதற்குள்ளிருந்து என்ன வருகிறது என்று கண்டுபிடிக்க சிஐடி வைக்க வேண்டும். பேசினால் எழுத்தாக்கிக் காட்டும் ஆப் ஒன்றைத் தாமஸ் அவர் போனில் போட்டுக் கொடுத்தார். அப்பா அதைத் தள்ளி வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டு ஒரு தாளை நீட்டினேன். "இருவத்தஞ்சு வருசம் போன்லயே குடும்பம் நடத்திட்டேன். இனிமேலும் போனா?" என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. போய்க் காபி போட்டேன்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் ஆட்களுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. எழுத்து எழுத்தாகப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். ஆளிடம் எது பளிச்சென்று தெரிகிறதோ அதுவே பெயர். தாமஸுக்குக் கன்னத்தில் குழி. விரலால் கன்னத்தைக் குத்தினால் தாமஸ். எனக்கு இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய மாதிரி ஒரு தழும்பு. ஆள்காட்டி விரலால் இடது புருவத்தின் மேல் ஒரு கோடு இழுத்தால் அது நான். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரமே பிள்ளைகள் வைத்த பெயர்.

அந்தத் தழும்பு அப்பா தந்தது.

எனக்கு மூன்று வயது. அப்பா லீவில் வந்திருந்தார். தெருவில் ஒரு டிராக்டர் பின்னாலேயே வந்துகொண்டிருக்க, நான் பாட்டுக்கு மண்ணில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தேனாம். அப்பா வீட்டிலிருந்து கத்தியிருக்கிறார். நான் திரும்பவில்லை. ஓடிவந்து என்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதோடு விட்டிருக்கலாம். பயம் கோபமாகிவிட்டது. "கூப்பிட கூப்பிடத் திரும்பாம உக்காந்திருக்கியா? வேணும்னே பண்றியா?" என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். வாசல்படியில் போய் விழுந்தேன். புருவம் கிழிந்தது. அரசு ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது நர்ஸ் கையிலிருந்த எவர்சில்வர் தட்டு தவறி விழுந்திருக்கிறது. எல்லோரும் துள்ளி விழ, நான் அழுதபடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேனாம். டாக்டர் என் பின்னால் நின்று கையைத் தட்டிப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் சொன்னார். இவ்வளவும் அம்மா எனக்குக் கையால் சொன்னது. அப்பா அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

என் சைகைப் பெயரும் அவருக்குத் தெரியாது. தாமஸ் தன் கூட்டாளிகளோடு வீடியோ காலில் பேசும்போது என்னைப் பற்றிச் சொல்வார், புருவத்தில் கோடு இழுப்பார். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், மாப்பிள்ளைக்கு ஓயாமல் தலைவலி என்று முடிவுகட்டி, ஒருநாள் தைல பாட்டில் வாங்கிவந்து கொடுத்தார். தாமஸ் அதை இன்னும் மேஜையில் வைத்திருக்கிறார். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணானது. ஆனாலும் நான் அப்பாவுக்கு விளக்கம் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல?

இப்படி இருக்கும்போதுதான் மாதா கோயிலில் ஒரு பையனைப் பார்த்தார். மேலத் தெருக்காரர்களின் பேரப்பிள்ளை. பிறவியிலேயே கேட்காது. இரண்டு வயதில் அரசு காப்பீட்டில் காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்தார்கள். இப்போது ஒன்றாவது படிக்கிறான். அவன் அம்மா பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட, அவன் சட்டென்று திரும்பியிருக்கிறான். அப்பா பூசை முடிந்து வீட்டுக்கு வரவில்லை. அவர்கள் வீட்டுக்கே போய், எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிவந்து என் முன்னால் வைத்தார். பெரியவர்களுக்குக் காப்பீடு கிடையாது, ஒரு வீடு கட்டும் செலவு ஆகும் என்பதும் அதில் இருந்தது. அதற்குக் கீழே, "சிங்கப்பூர் காசு சும்மாதான் கிடக்கு. வா" என்று அவர் கையெழுத்து.

எனக்கு ஆசையா என்று கேட்டால், இல்லை. எனக்கு எதுவும் குறைந்தது போல இருந்ததில்லை. ஆனால் நான் அதைப் படித்து முடிக்கும்வரை அவர் உட்காராமல் என் எதிரிலேயே நின்றார். போனேன்.

திருச்சிக்கு பஸ். நார்த்தாமலை தாண்டும்வரை அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் கூடத்தில் நூறு பேர் இருப்பார்கள். காது ஆஸ்பத்திரி. அங்கே வேலை பார்க்கும் பெண் ஒவ்வொருவரையும் வாயால் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். இதைவிட ஒரு கூத்து உண்டா! டோக்கன் எண் காட்டும் பலகை அணைந்து கிடந்தது. அப்பா என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் மேஜையை விட்டு இம்மி நகராமல் இரண்டு மணி நேரம் நின்றார். முட்டி வலிக்காரர். அவர் நின்றதை நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே எங்களைப் பார்த்தவள் நிவேதா. கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட். இருபத்தாறு வயது இருக்கும். அப்பா அவளை டாக்டரம்மா என்றே கூப்பிட்டார். அவள் செய்த முதல் காரியம் முகக்கவசத்தைக் கழற்றியது. இரண்டாவது, அப்பாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பேசியது. "அக்கா, நான் மெதுவாப் பேசறேன். புரியலைன்னா கையை இப்படிக் காட்டுங்க." எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். இந்த ஆபரேஷனால் என்ன கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள், எழுதுங்கள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரே வரி எழுதினார்: "கூப்பிட்டால் திரும்பணும்." நான் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டேன். என் தாளை வெற்றாகவே மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மெஷின் என்னவென்று நிவேதா படம் போட்டுக் காட்டினாள். காதின் உள்ளே, எலும்புக்குள், நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. வெளியிலிருந்து வரும் சத்தத்தை அதுதான் நரம்புக்குக் கொடுக்கும். எனக்கு அது வேலை செய்யவில்லை. ஆபரேஷனில் அந்த நத்தைக்குள் மெல்லிய கம்பி ஒன்றை நுழைப்பார்கள். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு சில்லு. வெளியே காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒரு கருவி. அது சத்தத்தை மின்சாரத் துடிப்பாக்கி நேராக நரம்புக்கு அனுப்பும். காதில் மாட்டும் சாதாரண மெஷின் சத்தத்தைப் பெரிசாக்குவதோடு சரி. இது காதைத் தாண்டிக்கொண்டு போய்விடும்.

"நரம்புக்கு அனுப்பிட்டா கேட்டுரும்ல?" இது அப்பா. நிவேதா எனக்கு அதைத் திருப்பிச் சொன்னாள்.

"அங்கதான் இருக்குங்க ஐயா விஷயம். சின்னப் பிள்ளைன்னா மூளை சத்தத்தைக் கத்துக்கும். பேசிட்டிருந்து இடையில காது போனவங்கன்னா மூளைக்கு ஏற்கெனவே தெரியும். அக்காவுக்கு முப்பத்தஞ்சு வயசு. மூளையில அது ஒருநாளும் சத்தம் போகாத எடம். அங்கே கண்ணு வந்து குடியேறியிருக்கும். இப்பப் போய் எழுந்திருன்னா எழுந்திருக்காது." கொஞ்சமாவது கேட்கும் மிச்சம் இருந்தால், மெஷின் போட்டால் சத்தம் எட்டுகிறது என்றால், வாய்ப்பு கூடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை டெஸ்ட் என்றாள்.

முதலில் பெரா டெஸ்ட். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயரை ஒட்டி, தூங்கச் சொல்லிவிடுவார்கள். காதுக்குள் டிக் டிக் என்று சத்தம் கொடுத்தால் மூளை பதில் சொல்கிறதா என்று கம்ப்யூட்டர் கோடு போடும். மூளை பதில் சொன்னால் கோட்டில் அலை எழும்பும். எனக்கு அது நேர்கோடாகவே கிடந்தது. நான் மட்டும் சுகமாகத் தூங்கினேன். பிறகு எலும்பைப் பார்க்க சி.டி. ஸ்கேன். அதற்கப்புறம் ஒரு மாதம் மிகப் பலமான காது மெஷினைப் போட்டுப் பழகச் சொன்னார்கள்.

அந்த ஒரு மாதத்தை விரோதிக்கும் விரும்ப மாட்டேன். காதுக்குள் எறும்பு ஊர்வது போல ஒரு அதிர்வு, மண்டையில் குத்தல். அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓடினால் பல் கூசும். தாமஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். ஒருநாள் கேட்டே விட்டேன். "நீ கேக்க ஆரம்பிச்சா, கேக்குறவங்க பக்கம் போயிருவே. நான் மட்டும் இங்கே இருப்பேன்" என்று கையால் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "உன் தலை. நீ சொல்றதுதான்" என்றார். அவரைக் கட்டிக்கொண்டேன். பாவம், அவருக்கும் பயம்.

நிவேதா ஏற்பாட்டில் ஒருவரோடு வீடியோவில் பேசினேன். மதுரைப் பக்கத்துக்காரர், என்னைப் போலப் பிறவியிலேயே கேட்காதவர், முப்பது வயதில் வைத்துக்கொண்டவர். ஹாரன் கேட்கிறது, நாய் குரைப்பது கேட்கிறது, குக்கர் விசில் கேட்கிறது என்றார். பேச்சு? இரண்டு வருஷம் பயிற்சிக்குப் போயும் பேச்சு ஒரே இரைச்சல்தான். சாயங்காலம் ஆனால் கழற்றி வைத்துவிடுவாராம். வருத்தமா என்றேன். "இல்லை. ரோட்டில் நடக்கப் பயமில்லை" என்று சிரித்தார். அவருக்கு அது போதுமாக இருந்தது. எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது.

மாதம் முடிந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் தங்கச் சொன்னார்கள். நரம்பு இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ., மயக்க மருந்து தாங்குமா என்று ரத்தம், நெஞ்சு எல்லாம் பார்த்து, இரண்டாம் நாள் சர்ஜனைப் பார்த்து முடிவு செய்வது. அப்பா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக்கொண்டார். மறுநாள் காலையில் கண் விழித்தபோது என் செருப்பைக் கழுவிக் காயவைத்திருந்தார். அம்மா செய்கிற வேலை அது.

முதல் நாள் மதியம் முக்கியமான டெஸ்ட். சுவரெல்லாம் பஞ்சு வைத்த சின்ன அறை. நடுவில் நாற்காலி, எதிர் மூலையில் ஸ்பீக்கர். காதில் மெஷினோடு உட்கார வேண்டும். சத்தம் வந்தால் கையைத் தூக்க வேண்டும். நிவேதா கண்ணாடிக்கு அந்தப்புறம், எனக்கு முதுகுப் பக்கமாக இருப்பாள். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டாக்டரம்மா, நானும் உள்ள ஒரு ஓரமா உக்காந்துக்கிறேனே. சத்தம் காட்ட மாட்டேன்."

அவள் பாவம் பார்த்து விட்டுவிட்டாள். அப்பா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில், துண்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் கையைத் தூக்கினேன். மறுபடி தூக்கினேன். வரிசையாகத் தூக்கிக்கொண்டே இருந்தேன். முடிந்து வெளியே வந்தபோது நிவேதா தாளைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். "பெராவுல ஒண்ணுமே வரலை, இதுல இவ்வளவு வருது. ரெண்டும் ஒத்துப்போகலையே. ஆனா சில பேருக்கு இப்படியும் வரும்க்கா. இது உண்மைன்னா ரொம்ப நல்ல விஷயம்."

அப்பா காத்திருக்கவில்லை. கீழே இறங்கிப் போய் மைசூர்பாகு வாங்கிவந்துவிட்டார். நிவேதாவுக்கு, நர்ஸுக்கு, தரை துடைக்கிற அம்மாவுக்கு, பக்கத்துக் கட்டிலுக்கு. என் வாயில் அவரே ஒன்றைத் திணித்தார். அம்மா போனதற்கப்புறம் அன்றுதான் அவர் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்தேன். பிறகு படிக்கட்டில் நின்று ஊருக்கெல்லாம் போன் போட்டார். நான் கொஞ்சம் தள்ளி நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் யாரோ பேச ஆரம்பித்திருக்க வேண்டும். அவர் தொண்டை ஏறி இறங்கியது.

எனக்குச் சுருக்கென்றது.

அந்த அறையில் நான் பார்த்துக்கொண்டிருந்தது இந்தத் தொண்டையைத்தான். சத்தம் வரும்போதெல்லாம் அது ஏறி இறங்கியது. துண்டைப் பிடித்திருந்த விரல் இறுகியது. அவள் கையைத் தூக்க வேண்டுமே, மாதாவே, அவள் தூக்க வேண்டுமே என்று அந்த மனுஷன் உடம்பு பூராவும் வேண்டிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன், தூக்கினேன். ஏமாற்ற வேண்டும் என்று இல்லை. நான் பிறந்ததிலிருந்து கேட்டுவந்ததே அப்படித்தான். ரோட்டில் முன்னால் போகிறவர் தோள் திரும்பினால் பின்னால் வண்டி வருகிறது. அம்மா தலை அடுப்படிப் பக்கம் போனால் குக்கர் கத்திவிட்டது. அடுத்தவர் முகத்தில்தான் எனக்குக் காது. இருபது வருஷத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் எடுத்த காது டெஸ்டிலும் டீச்சர் முகத்தைப் பார்த்துத்தான் பாஸ் செய்தேனோ என்னவோ!

வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், சாயங்காலம் முழுக்க அப்படித்தான் நினைத்தேன். அப்பா அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். ஆபரேஷன் நடக்கும், நாலு வாரம் கழித்துக் கருவியை முதன்முதலாக இயக்குவார்கள், அப்பா எனக்குப் பின்னால் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அன்றைக்கு நான் திரும்பாவிட்டால்? அவர் மூன்றாவது தடவை கூப்பிடும்போது எப்படி இருக்கும் அவர் முகம்?

காலையில் நிவேதா வந்ததும் போனில் டைப் செய்து காட்டினேன். அவள் படித்தாள், இரண்டாவது தடவையும் படித்தாள். "அவரை உள்ள விட்டது என் தப்புக்கா" என்றாள். மறுபடி அதே அறை. அப்பாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தாள். என் எதிரே வெறும் சுவர்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. கடைசியாக, மிகத் தடித்த சத்தம் ஒன்றைப் பலமாக வைத்தபோது நாற்காலிக் கட்டையில் ஏதோ உறுமியது. கையைத் தூக்கினேன். நிவேதா உள்ளே வந்தாள். "கேட்டுச்சா, அதிர்ந்துச்சா?" எனக்கு அந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது என்று சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பாவைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டி விளக்கினாள். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மீசை வேகவேகமாக ஆடியது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் நிவேதா முகம் வெளுத்துப்போனது. என்ன சொன்னார் என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். நான் போனை அவள் கையில் திணித்தேன். ரொம்ப நேரம் வைத்திருந்துவிட்டு டைப் செய்தாள்.

"நேத்துக் கேட்டுச்சுல்ல? இன்னிக்கு எப்படிக் கேக்காமப் போகும்? அவளுக்கு இஷ்டமில்லை. வேணும்னே பண்றா."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அப்படி ஒரு கோபம் என் ஜென்மத்தில் வந்ததில்லை. போனைப் பிடுங்கி அதற்குக் கீழேயே அடித்தேன். "மூணு வயசுலயும் இதையேதான் சொன்னீங்க." அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டார். மெதுவாகத்தான் படிப்பார். படித்து முடித்ததும் போனை மேஜையில் பூப்போல வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். என் கண்ணை இல்லை, கண்ணுக்கு மேலே. எழுந்து வெளியே போய்விட்டார்.

சர்ஜன் பத்து நிமிஷம் பேசினார். நரம்பு இருக்கிறது, எலும்பு சரியாக இருக்கிறது, ஆபரேஷன் செய்யத் தடையில்லை; சத்தம் எட்டும், பேச்சு புரியும் என்று உத்தரவாதம் தர மாட்டேன் என்றார். எதற்காக என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னார். நேர்மையான மனுஷர். நிவேதா அறைக்குத் திரும்பி வந்து, பையில் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து அன்றுதான் நிரப்பினேன். "அப்பாவோடு பேசணும்." அவள் அப்பா எழுதியதை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன்க்கா. ரோட்டுக்குச் சத்தம் வேணும்னா செய்யுங்க, அதுவும் நல்ல காரணம்தான். ஆனா இந்த ரெண்டு தாள்ல இருக்கிறதுக்கு, அந்தக் கம்பி போற வழி ரொம்பச் சுத்து வழி. ஐயா மொதல்ல அந்த மீசையை வெட்டட்டும்."

அழுகையோடு சிரித்தேன். கதவைத் திறந்தால் அப்பா வெளியே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார், எதெல்லாம் காதில் விழுந்தது என்று தெரியாது. அவருக்குத்தான் நன்றாகக் காது கேட்குமே.

ஊருக்குப் பஸ் ஏறினோம். கீரனூரில் வண்டி நின்றபோது அப்பா இறங்கிப் போய் எனக்கு மட்டும் வெள்ளரிப்பிஞ்சு வாங்கி வந்தார். நான் பாதியை அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

ஆபரேஷன் வேண்டாம் என்று மூன்றாம் நாள் தாளில் எழுதிக் கொடுத்தேன். குக்கர் விசிலுக்காக மண்டையைத் திறக்க எனக்கு மனசில்லை. இது என் கணக்கு. உங்கள் காதுக்கு உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். போய்க் கேளுங்கள், டெஸ்ட் எடுங்கள், கூட வருபவரை மட்டும் வெளியே உட்காரவையுங்கள். அப்பா படித்தார், நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அதோடு சரி. ஒரு வாரம் சாப்பாட்டு நேரம் தவிர அவரை வீட்டில் பார்க்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு ஆள் வீட்டுக்குள் வந்து நின்றார். ஒரு நொடி எனக்கு ஆள் தெரியவில்லை. சலூனில் மீசையை ஒட்ட வழித்துவிட்டு வந்திருந்தார். மேலுதடு வெளுத்துப்போய், கூச்சத்தோடு இருந்தது. அவருக்கு நான் நினைத்திருந்ததைவிட மெல்லிய உதடு.

"சாப்டியா?" என்றார்.

அட்சரம் பிசகாமல் படித்தேன். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் வாயிலிருந்து நானே நேராக வாங்கிய முதல் வார்த்தை. தலையை ஆட்டினேன். துணி கையிலிருந்து நழுவிவிட்டது.

அவர் தாமஸின் மேஜையைக் காட்டினார். தைல பாட்டில். பிறகு தாமஸ் செய்வதைப் போலவே விரலைத் தன் நெற்றிப் பக்கம் கொண்டுபோய், "தலைவலி இல்லைல்ல? அது என்ன, ஆத்தா?" என்றார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்தி.

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்லவில்லை. என்னை நானே தொட்டுக் காட்டினேன். இடது புருவத்தின் மேல் விரலால் கோடு இழுத்தேன். "என் பேர்" என்றேன், எனக்கு வரும் குரலில்.

அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். கை இரண்டாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோள் குலுங்குவது நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனேன். உலை வைக்க வேண்டும், தாமஸ் வரும் நேரம்.

அரிசி களைந்துகொண்டிருந்தபோது காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. இரண்டு தடவை. அம்மா என்னைக் கூப்பிடத் தரையை மிதிப்பது போலவே.

திரும்பினேன்.

அப்பா அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். ஆள்காட்டி விரலைத் தூக்கி, தன் இடது புருவத்தின் மேல், வலிக்குமோ என்பது போல மெதுவாக ஒரு கோடு இழுத்தார்.

என்ன என்று கையால் கேட்டேன்.

"சும்மாதான்" என்றார். "கூப்ட்டுப் பாத்தேன்."